கழிமுகத்து மீன்களைப் படிக்கத் தொடங்குவது எப்படி? பரங்கிப்பேட்டையை வைத்து ஒரு வழிகாட்டி

கழிமுகத்து மீன்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இங்கே எத்தனை வகை மீன் இருக்கு?" என்பதுதான். இதற்கு ஒற்றை எண்ணில் பதில் சொன்னால் அது பாதிப் பதில். ஐப்பசியில் ஒரு கூட்டம், மாசியில் வேறொரு கூட்டம், சித்திரை வெயிலில் இன்னொரு கூட்டம். ஆறும் கடலும் மாறி மாறி ஆளும் இடம் அது. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் எந்த மீன் உள்ளே வரும், எது வெளியே போகும் என்பதெல்லாம். அதனால் மீன் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதை ஓரமாக வைத்துவிட்டு, உப்பையும், ஓதம் எனப்படும் கடல் நீரின் ஏற்ற வற்றத்தையும் பார்க்கப் பழகுவதிலிருந்து தொடங்குவோம்.

எடுத்துக்காட்டுக்குப் பரங்கிப்பேட்டை. வசிஷ்ட நதியும் சுவேத நதியும் சேர்ந்து வெள்ளாறாகிக் கடலூர் மாவட்டத்தில் கடலில் விழும் இடம் இது. தெற்கே கொள்ளிடத்தின் முகத்துவாரம். இரண்டுக்கும் நடுவே பிச்சாவரம் அலையாத்திக் காடு, ஏறத்தாழ 1,100 ஹெக்டேர். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்தது. ஆறு, கழி, காடு, கடல் நான்கும் ஒரே நாளில் போய்ப் பார்த்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும் இதே ஊரில்தான். உங்கள் ஊர் எண்ணூரோ, கடலூரோ, தேங்காய்ப்பட்டணமோ, எதுவானாலும் முறை ஒன்றுதான். மாதங்களும் மீன் பெயர்களும் கொஞ்சம் மாறும்.

1. நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள்

நம் கிழக்குக் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் பெரிதில்லை, ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் சமதளமான கழியில் அந்த ஒரு மீட்டர் தண்ணீர் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே போய்விடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். அஷ்டமி, நவமியில் மந்தம். ஒவ்வொரு நாளும் ஏறும் நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். தினசரி காலண்டரும் கைக்கடிகாரமும் இருந்தால் போதும், ஒரு வாரத்தில் கணக்கு பிடிபட்டுவிடும்.

புதியவர்கள் தை, மாசியில் தொடங்குவது நல்லது. வெள்ளம் வடிந்திருக்கும், தண்ணீர் தெளிந்துகொண்டிருக்கும், கடலிலிருந்து குஞ்சுகள் உள்ளே வந்துகொண்டிருக்கும். முதல் சில முறை வற்றம் முடிந்து ஏற்றம் தொடங்கும் நேரத்துக்குப் போய் நில்லுங்கள். எந்தப் பக்கமிருந்து தண்ணீர் வருகிறது, நுரை எங்கே கோடு கட்டுகிறது, கொக்கும் நாரையும் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். கொக்கு வெறுமனே நிற்பதில்லை. அது நிற்கும் இடத்தில் குஞ்சு மீன் இருக்கும்.

2. மூன்று இடம் குறித்துக்கொள்ளுங்கள்

கழிமுகம் முழுவதையும் பார்க்க ஆசைப்பட வேண்டாம். முகத்துவாரத்துக்கு அருகே ஒன்று, நடுவில் ஒன்று, ஆற்றுப் பக்கம் மேலே ஒன்று. வாய்ப்பிருந்தால் அலையாத்திக் காட்டு வாய்க்கால் ஓரம் நான்காவதாக ஒன்று. இந்த இடங்களை மாற்றாமல் மாதா மாதம் போக வேண்டும். நன்றாக மீன் கிடைக்கும் இடத்தைத் தேடித் தேடி இடம் மாற்றினால், ஆண்டு முடிவில் உங்கள் கையில் இருப்பது உங்கள் ஓட்டத்தின் கணக்காக இருக்குமே ஒழிய மீன்களின் கணக்காக இருக்காது.

பிச்சாவரம் காப்புக்காடு. படகில் சுற்றிப் பார்ப்பது வேறு, வலை போட்டு மாதிரி எடுப்பது வேறு. இரண்டாவதற்கு வனத்துறையின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். கல்லூரி வழியாக விண்ணப்பிப்பது எளிது. இன்னொன்று: பழைய கொள்ளிடம் பக்கம் முதலை உண்டு, ஆளை அடித்த நிகழ்வுகளும் உண்டு. அந்தப் பக்கத்து ஆட்கள் இறங்காத தண்ணீரில் நீங்களும் இறங்காதீர்கள்.

3. உப்பை அளக்கப் பழகுங்கள்

வாங்க வேண்டிய ஒரே கருவி உப்பு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர். பேனா டார்ச் அளவில் இருக்கும். வெப்பநிலைக்கு ஏற்பத் தானே திருத்திக்கொள்ளும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். முன் பக்கத்தில் ஒரு சாய்வான கண்ணாடி, அதன் மேல் மூடி. முதலில் காய்ச்சி வடித்த தண்ணீர் இரண்டு சொட்டு விட்டு, மூடியை அழுத்தி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தால் மேலே நீலம், கீழே வெள்ளை, நடுவில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு சுழியத்தில் நிற்கும்படி மேலே உள்ள சிறு திருகைத் திருப்ப வேண்டும். பிறகு கழித் தண்ணீர் இரண்டு சொட்டு. மூடிக்கு அடியில் காற்றுக்குமிழ் மாட்டினால் கோடு மங்கலாகும். துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள். ஆற்று நீர் என்றால் சுழியம், கடல் நீர் என்றால் ஆயிரத்துக்கு 35 அளவில் நிற்கும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். கழுவாமல் பைக்குள் போட்டால் கண்ணாடியில் உப்புப் பூத்துவிடும்.

மேல் தண்ணீரை மட்டும் அளப்பது போதாது. உப்புத் தண்ணீர் கனம், அது அடியோடு உள்ளே நுழையும். ஆற்றுத் தண்ணீர் மேலாக வெளியே போகும். மழைக்காலத்தில் மேலே குடிக்கும் பதத்தில் தண்ணீர் ஓடும்போது அடியில் கரிக்கும் தண்ணீர் இருக்கலாம். கல் கட்டிய பாட்டிலைத் தக்கையால் மூடி, தக்கைக்குத் தனிக் கயிறு கட்டி இறக்குங்கள். அடி தொட்டதும் தக்கைக் கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் அடித்தண்ணீர் நிறைந்துவிடும். ஆற்றுப் பக்கம் எதிர்பாராத ஒரு கடல் மீன் வலையில் வந்தால், பெரும்பாலும் விடை இந்த அடித்தண்ணீரில்தான் இருக்கும்.

உப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? கடல் மீனின் உடலிலிருந்து தண்ணீர் ஓயாமல் வெளியே கசியும். அதை ஈடுகட்ட அது கடல் நீரைக் குடித்து, அதிகப்படி உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளுகிறது. நன்னீர் மீனுக்கு நேர் எதிர்: தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும், அதை நீர்த்த சிறுநீராக வெளியேற்றி, உப்பைச் செவுளால் பிடித்து வைத்துக்கொள்கிறது. கழிமுகத்தில் பிழைக்க வேண்டுமென்றால் இந்த இரண்டு வேலைக்கும் மாறி மாறித் திரும்பத் தெரிய வேண்டும். எல்லா மீனாலும் அது முடியாது. மடவை, கொடுவா, பால்கெண்டை, கீச்சான், செத்தைக்கெண்டை போன்றவற்றால் முடியும். வந்தேறியான ஜிலேபிக் கெண்டை இதில் கில்லாடி, அதனால்தான் குளத்திலும் இருக்கிறது, கழியிலும் இருக்கிறது.

4. வலைக்கு முன் இறங்குதளத்துக்குப் போங்கள்

அன்னங்கோவில், முடசல் ஓடை இரண்டும் பக்கத்திலேயே உள்ள மீன் இறங்குதளங்கள். விடியற்காலையில் போய்விடுங்கள். ஏலம் நடக்கும்போது குறுக்கே நின்று படம் எடுக்காதீர்கள். முடியும் வரை பொறுத்திருங்கள். பிறகு மீன் பிரித்துக்கொண்டிருக்கும் அக்காமார்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். "அக்கா, இது கடல்ல பிடிச்சதா, உள்ளாத்துல பிடிச்சதா?" இந்தக் கேள்வியைக் கேட்காமல் எழுதிய எந்தக் குறிப்பும் பயன்படாது. படகு பத்து கிலோமீட்டர் தள்ளிப் போட்ட வலையின் மீனைக் கழிமுகத்துக் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள். எந்த வலை, கண் எவ்வளவு, எப்போது போட்டது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

விலைபோகும் மீனைவிட ஓரமாகக் குவித்திருக்கும் கழிசலில் படிக்க நிறைய இருக்கிறது. கோழித் தீவனத்துக்கும் கருவாட்டுத் தூளுக்கும் போகும் அந்தக் குவியலில்தான் குஞ்சுகளும் யாரும் பெயர் கேட்காத சிறு மீன்களும் கிடக்கும். ஒரு கிலோ விலைக்கு வாங்கி, வெள்ளைத் தட்டில் பரப்பி, ஒத்தவற்றை ஒன்றாகச் சேருங்கள். முதல் நாளில் பெயர் வேண்டாம். "இது வேறு, அது வேறு" என்று பிரிக்க முடிந்தால் போதும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, இறங்குதளம் ஓய்ந்திருக்கும். கழியில் சிறு வலை போடுகிறவர்களோடு பழக அதுவே தோதான சமயம்.

5. வாயையும் துடுப்பையும் பாருங்கள்

நிறத்தை நம்பாதீர்கள், செத்த ஒரு மணி நேரத்தில் போய்விடும். முதலில் வாய். வாய் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, இரை பெரும்பாலும் அந்தப் பக்கம் இருக்கும்.

காரலை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக் காசு மாதிரித் தட்டையான சிறு மீன், உடம்பு முழுக்க வழவழப்பு. விரல் நுனியால் மேலுதட்டைப் பிடித்து மெல்ல இழுத்தால் வாய் குழாய் போல வெளியே நீளும். சிலவற்றில் அந்தக் குழாய் கீழ்நோக்கி வளையும், அவை அடிமண்ணில் பொறுக்குபவை. சிலவற்றில் மேல்நோக்கி வரும், அவை மேலே மிதக்கும் நுண்ணுயிர்களை உறிஞ்சுபவை. மீனவர் இரண்டையும் காரல் என்றுதான் சொல்வார், குழம்புக்கு இரண்டும் ஒன்றுதான். உங்களுக்கு இவை தனித்தனி இனங்கள். இதே காரலின் தொண்டையைச் சுற்றி ஒளிரும் பாக்டீரியாக்கள் குடியிருக்கும் ஒரு உறுப்பும் உண்டு; இருட்டில் அது வெளிச்சம் விடும்.

ஊடான் வாயும் கீழ்நோக்கி நீளும், ஆனால் செதில் பெரிது, வழவழப்பு கிடையாது. மடவைக்கு முதுகில் இரண்டு துடுப்பு, நடுவே நல்ல இடைவெளி, முன்துடுப்பில் நான்கே முள். அது சேற்றையும் மட்கிய இலையையும் விழுங்கி, கோழியின் இரைப்பை போலத் தடித்த வயிற்றில் அரைக்கிறது. கீச்சானுக்கு உடம்பில் வளைந்த மூன்று கறுப்புக் கோடு. கையில் எடுத்தால் சத்தம் போடும். கிழங்கான் நீண்டு கூம்பிய முகத்தோடு இருக்கும், வலை வந்தால் மணலுக்குள் புதைந்துகொள்ளும். கத்தாளையும் சத்தம் போடும் வகைதான். அதன் ஒரு பேரினத்துக்கு ஜோனியஸ் என்று பெயர். தரங்கம்பாடியில் இருந்த மதபோதகர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் இங்கிருந்து மீன்களைப் பதப்படுத்தி பெர்லினில் இருந்த மீனியலாளர் பிளாக்குக்கு அனுப்பினார். அவர் நினைவாக பிளாக் 1793இல் வைத்த பெயர் அது. இந்தக் கரையின் மீன்கள் உலக அறிவியலுக்குப் போன பழைய வழிகளில் ஒன்று தரங்கம்பாடி.

கெளுத்தியின் வாயைத் திறந்து பார்க்காமல் விடாதீர்கள். கடல் கெளுத்தியில் முட்டையைச் சுமப்பது ஆண். கோலிக்குண்டு அளவு முட்டைகளை வாய்க்குள் வைத்துக்கொண்டு, குஞ்சு பொரித்துத் தனியே நீந்தும் வரை வாரக்கணக்கில் இரையெடுக்காமல் கிடக்கும். இறங்குதளத்தில் கூடையைக் கவிழ்க்கும்போது மஞ்சள் உருண்டைகள் சிதறினால், அவை இந்த அப்பன்களின் வாயிலிருந்து விழுந்தவை.

படம் எடுக்கும்போது மீனின் தலை இடப்பக்கம் வரும்படி கிடத்தி, துடுப்புகளை விரித்து, பக்கத்தில் அளவுகோல் வையுங்கள். முதலில் ஊர்ப் பெயர், பிறகு குடும்பம், கடைசியாகத்தான் அறிவியல் பெயர். குடும்பம் வரை சரியாகச் சொல்ல முடிந்தாலே முதல் ஆண்டுக்கு நிறைவு. சந்தேகம் இருந்தால் "உளுவை, வகை தெரியவில்லை" என்று எழுதுங்கள், ஊகித்து எழுதாதீர்கள்.

6. பெயரோடு நீளத்தையும் எழுதுங்கள்

பலர் இதை விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் பெயருக்கு இணையாக முக்கியம் நீளம்தான். "மடவை இருந்தது" என்ற குறிப்பு ஒன்றும் சொல்லாது. "மடவை, 2 முதல் 3 செ.மீ., கூட்டமாக, முகத்துவாரம், ஏற்றம்" என்றால் கதை விளங்கிவிடுகிறது: கடலில் பிறந்த குஞ்சு, வளர இடம் தேடி இப்போதுதான் உள்ளே வருகிறது. அதே மடவை மேல் பக்கத்தில் 15 செ.மீ.யில் மேய்ந்துகொண்டிருந்தால் அது இங்கேயே வளர்ந்தது. சினை முற்றியது கீழே இறங்கினால் முட்டையிடக் கடலுக்குப் போகிறது.

கழிமுகத்தில் பிடிபடும் மீன்களில் பெரும்பகுதி இப்படிக் கடலில் பிறந்து இங்கே வளரவந்தவை. கலங்கல் தண்ணீரும் அலையாத்தி வேர்களும் பெரிய மீன்களின் கண்ணிலிருந்து மறைக்கின்றன. மட்கும் இலையும் அதைச் சார்ந்த புழுவும் கூனி இறாலும் தீனியாகின்றன. உளுவை போன்றவை பிறப்பு முதல் இறப்பு வரை இங்கேயே. கோடையில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் கடல் விருந்தாளிகள் ஒரு வகை, வெள்ளத்தோடு இறங்கிவரும் நன்னீர் மீன்கள் இன்னொரு வகை. விலாங்கு ஆற்றில் வளர்ந்து கடலில் போய் முட்டையிடும். ஹில்சா எனப்படும் உள்ளம் மீன் கடலில் வளர்ந்து ஆற்றில் ஏறி முட்டையிடும். காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஒரு காலத்தில் நன்றாக ஏறிய மீன் உள்ளம். அணைக்கட்டுகள் வழியை மறித்தன, 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு அந்த வரத்து அற்றுப்போனது. முகத்துவாரம் அப்படியே இருந்தும் மேலே நூறு மைல் தள்ளி நடந்த ஒன்று இங்கே ஒரு மீனைக் காணாமல் ஆக்கிவிட்டது.

கொடுவாவில் நீளத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு. அது முதலில் ஆணாகப் பருவமடையும், சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும். எனவே பெரிய கொடுவா என்றால் பெரும்பாலும் பெண். பெரியவற்றையே தேடிப் பிடித்தால் தாய் மீன் குறையும்.

7. ஒரே வலை, ஒரே எண்ணிக்கை

மாதிரி எடுக்கச் சிறு கண் வீச்சு வலை போதும். நீங்களே வீசிப் பழகலாம், ஆனால் சில மாதமாகும். அதுவரை உள்ளூர் மீனவர் ஒருவரைக் கூலி பேசி அமர்த்துங்கள். வட்டமாக விரிந்து விழும் வலைக்கும் வாழைப்பழம் போலச் சுருண்டு விழும் வலைக்கும் கிடைக்கும் மீன் ஒன்றாகாது. ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதமும் அதே வலை, அதே எண்ணிக்கை வீச்சு. பத்து என்றால் பத்து. ஒன்றும் சிக்காத வீச்சையும் சுழியம் என்று எழுத வேண்டும். எண்ணி, அளந்து, உயிரோடு இருப்பதைத் தண்ணீரில் விடுங்கள். கடல்குதிரை வந்தால் உடனே விட்டுவிடுங்கள், அது வனவுயிர்ச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது.

வாய்க்கால் ஓரச் சேற்றில் வலை உதவாது, கண்தான். வற்றத்தில் ஓரமாகச் சத்தமில்லாமல் உட்காருங்கள். சிறிது நேரத்தில் சேற்றில் பொத்தான் மாதிரி இரண்டு கண் மேலே எழும். மட்ஸ்கிப்பர் என்னும் உளுவை வகை. முன் துடுப்புகளைக் கை போல ஊன்றி நகரும். செவுள் அறையில் தண்ணீரை அடைத்து வைத்துக்கொண்டும், ஈரத் தோல் வழியாகவும் மூச்சு விடும். தோல் காய்ந்தால் சட்டென்று ஒரு பக்கமாகச் சேற்றுத் தண்ணீரில் புரண்டு எழும். அவற்றில் ஒரு வகை தலையை இடமும் வலமும் ஆட்டி ஆட்டிச் சேற்றின் மேல் படிந்த பாசியை வழித்துத் தின்னும். அது போன பாதையில் விசிறி விசிறியாகத் தடம் இருக்கும். தடத்தை எண்ணினாலே அங்கே எத்தனை மேய்ந்தன என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

8. கையையும் காலையும் காத்துக்கொள்ளுங்கள்

ஆளிச் சிப்பியின் ஓடு பிளேடு மாதிரி அறுக்கும், செருப்புப் போதாது, ஷூ வேண்டும். ஆழமில்லாத தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள், திருக்கை விலகிப்போகும். கெளுத்தியின் முதுகு முள்ளும் பக்க முள்ளும் விஷம். இருங்கெளுத்தி இன்னும் மோசம். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள், வலி குறையும். முள் உள்ளே தங்கியிருக்கலாம், மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். பேத்தை மீனைப் படம் எடுக்கலாம், சமைக்கக் கூடாது; அதன் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

9. கணக்குப் போடுங்கள்

வகைகளின் எண்ணிக்கை மட்டும் பன்மை ஆகாது. இரண்டு இடத்திலும் நூறு மீன், பத்து வகை என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் வகைக்குப் பத்து. மற்றதில் ஒரே வகை 91, மீதி ஒன்பது வகையும் ஒவ்வொன்று. பட்டியலில் இரண்டும் சமம். பன்மையை அளக்கும் ஷானன் குறியீட்டில் முதலாவது 2.30, இரண்டாவது வெறும் 0.50. ஒவ்வொரு வகையின் பங்கையும் அதன் இயல் மடக்கையால் (natural log) பெருக்கி, கூட்டி, கழித்தல் குறியை நீக்கினால் வருவது இந்த எண். எக்செல்லில் ஒரு வரி.

ஆனால் இந்த எண்ணை மாதமும் உப்பும் இல்லாமல் யாரிடமும் காட்டாதீர்கள். வெள்ளக் காலத்தில் வெள்ளாற்றில் உப்பு ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போகும், ஆகாயத்தாமரை மிதந்து வரும், வலையில் கெண்டையும் குளத்துக் கெளுத்தியும் இருக்கும். வைகாசியில் அதே இடத்தில் கடல் உப்பு. அந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டு, "இந்தக் கழிமுகத்தில் இத்தனை வகை" என்று அட்டவணை போடும் ஆய்வேடுகள் நம்மிடம் ஏராளம். குறியீடு குறைந்தால் உடனே மாசு என்று எழுதுவதும் அப்படித்தான். மடவைக் குஞ்சுக் கூட்டம் ஒன்று வலைக்குள் வந்தாலே எண் சரிந்துவிடும்; அது கழி நன்றாக இருப்பதன் அடையாளமாகக்கூட இருக்கலாம்.

நோட்டில் ஒரு வரிக்கு இவ்வளவு போதும்: தேதி, திதி, ஏற்றமா வற்றமா, இடம், மேல் உப்பு, அடி உப்பு, வலை, வீச்சு எண், ஊர்ப் பெயர், குடும்பம், எண்ணிக்கை, நீளம். பென்சிலில் எழுதுங்கள், நனைந்தாலும் அழியாது. வீட்டுக்கு வந்த அன்றே கணினியில் ஏற்றிவிடுங்கள். பெயர் தெரியாதவற்றின் படங்களைச் சேர்த்து வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரங்கிப்பேட்டை மையத்தின் அருங்காட்சியகத்தில் பாட்டிலில் உள்ள மீன்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போகும்போது உங்களுக்கு வலை வீசியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாட்டிலில் நிறம் போய் வெளுத்துக் கிடக்கும் மீனையும் துடுப்பை வைத்தே அவர் சொல்லிவிடுவார், எந்த மாதம் எங்கே வரும் என்பதையும் சேர்த்து.